தாத்தா வைத்திருந்த புலப்படமும் காணாமல் போன மூன்றே முக்கால் சென்ட்டும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து கையால் வரைந்த நிலப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது. மெல்லிய துணி மாதிரியான தாள். கீழே 1928 என்று எழுதியிருக்கிறது. நாலு மூலைக்கும் ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்துகள். ஏ-யிலிருந்து சி-க்கு நடுவே புள்ளிக்கோடு. அதன் மேல் 245, 380, 612 என்று எண்கள். அதற்கு இரு பக்கமும் 138, 201. பக்கங்களில் 281, 392, 307, 430. ஏ-யிலிருந்து டி வரை மட்டும் இரட்டைக் கோடு. இன்றைய பட்டாவில் அதே புல எண் '/1' என்ற உட்பிரிவோடு 0.40.5 ஹெக்டேர் என்று இருக்கிறது. "இந்த எண்களுக்கு என்ன பொருள்? பழைய படத்துக்கும் இன்றைய பட்டாவுக்கும் பரப்பு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகவில்லை என்றால் எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நில அளவை வேலையில் இருந்தவன் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல ஆசை. இந்த மாதிரித் தாள்கள் நம் ஊர் வீடுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. என்னவென்று தெரியாமலேயே செல்லரிக்க விட்டுவிடுகிறோம்.

உங்கள் கையில் இருப்பது புலப்படத்தின் நகல். ஆங்கிலத்தில் ஃபீல்டு மெஷர்மென்ட் புக், சுருக்கமாக எஃப்.எம்.பி. என்பார்கள். ஒரு கிராமத்தில் எத்தனை சர்வே நம்பர், அதாவது புல எண் உண்டோ, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு படம் வரைந்து புத்தகமாகத் தைத்து வைத்திருந்தார்கள். கிராமம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும் கிராம வரைபடம் வேறு. பழைய கிராம வரைபடம் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் இருக்கும். அதாவது தாளில் ஓர் அங்குலம் தரையில் 330 அடி. ஊரின் ஏரி, ஓடை, பாதை, தோப்பு எல்லாம் எங்கெங்கே என்று பார்க்க அது உதவும். ஒரு வயலின் வரப்பு எங்கே போகிறது என்று சொல்ல அது போதாது. அதற்குத்தான் புலப்படம்.

எண்களுக்கு வருவோம். அவை அடியும் இல்லை, மீட்டரும் இல்லை. எல்லாம் லிங்க்ஸ். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கணிதர் எட்மண்ட் குந்தர் வடிவமைத்த சங்கிலிதான் இங்கேயும் வந்தது. நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணியைத்தான் லிங்க்ஸ் என்கிறோம். ஒரு கண்ணி 7.92 அங்குலம், இன்றைய கணக்கில் 20.1 சென்டிமீட்டர். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். வில்லையின் பற்களை எண்ணி எந்தப் பத்து என்று தெரிந்துகொள்வார்கள். 66 அடி என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றும், ஆனால் கணக்கு அழகாக அமையும். பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அப்படியானால் ஓர் ஏக்கர் 1,00,000 சதுர லிங்க்ஸ், ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க்ஸ். பெருக்கி வரும் விடையில் கடைசி மூன்று இலக்கத்தை ஒதுக்கினால் சென்ட் வந்துவிடும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில், வெயிலில் நின்றுகொண்டு கணக்குப் போட்டவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

படத்தை இப்படிப் படியுங்கள். ஏ கல்லிலிருந்து சி கல்லை நோக்கி நேராகச் சங்கிலி பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 612 லிங்க்ஸ், அதாவது 123.1 மீட்டர். அந்தக் கோட்டில் 245-ஆவது லிங்க்ஸில் நின்று பார்த்தால் பி கல் சரியாகச் செங்குத்தாக ஒரு பக்கம் தெரிகிறது, தூரம் 138. இன்னும் நடந்து 380-க்கு வந்தால் மறுபக்கம் டி கல், தூரம் 201. கோட்டின் மேல் இருக்கும் எண்கள் எல்லாமே ஏ-யிலிருந்து தொடர்ச்சியாக எண்ணியவை. 380 என்றால் 245-க்குப் பிறகு இன்னொரு 380 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

இனி பரப்பு. நடுக்கோடு வயலை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. ஒன்று 612-ஐ 138-ஆல் பெருக்கி அதில் பாதி: 42,228. மற்றது 612-ஐ 201-ஆல் பெருக்கி அதில் பாதி: 61,506. கூட்டினால் 1,03,734 சதுர லிங்க்ஸ். அதாவது ஓர் ஏக்கர் மூன்றே முக்கால் சென்ட். ஹெக்டேரில் 0.42.0, அதாவது 42 ஏர் (ஓர் ஏர் 100 சதுர மீட்டர்). உங்கள் பட்டாவில் இருப்பது 0.40.5. குறைவது 1.5 ஏர், 150 சதுர மீட்டர். அதுவும் மூன்றே முக்கால் சென்ட்தான்.

இந்தக் குறைவு எங்கே போனது என்று சொல்வதற்கு முன், பழைய அளவை நம்பலாமா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கான வழி படத்திலேயே இருக்கிறது. பக்கங்களில் எழுதியிருக்கும் 281, 392, 307, 430 ஆகியவை தனியாகச் சங்கிலி பிடித்து அளந்தவை. நடுக்கோட்டை வைத்துக் கணக்குப் போட்டாலும் அவை கிடைக்க வேண்டும். ஏ-பி பக்கத்துக்கு 245-இன் வர்க்கத்தையும் 138-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 281.2. பி-சி பக்கத்துக்கு மிச்சமிருக்கும் 367-ஐயும் 138-ஐயும் வைத்துப் போட்டால் 392.1. சி-டி 307.0. ஏ-டி 429.9. நான்கும் பொருந்துகின்றன. ஒரு லிங்க்ஸ் கூடப் பிசகவில்லை. 1928இல் அந்த வயலில் சங்கிலி பிடித்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். இந்தச் சரிபார்ப்பை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், படத்தின் மேல் மரியாதை வந்துவிடும்.

ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். புலப்படத்தில் அதிகாரம் எண்ணுக்குத்தான், கோட்டுக்கு இல்லை. தாள் நூறு ஆண்டில் சுருங்கியிருக்கும், ஓரம் இழுபட்டிருக்கும், நகல் எடுத்தவர் கை நடுங்கியிருக்கும். ஸ்கேல் வைத்துக் கோட்டை அளந்து "இங்கே ரெண்டு அடி கூட வருது" என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்த படத்தின் மேல் ஸ்கேல் வைப்பதில் பொருளே இல்லை. எண்ணைப் படியுங்கள், எண்ணைத் தரையில் இறக்குங்கள்.

இந்த எண்கள் எப்படி உருவாயின என்று தெரிந்தால் அவற்றின் பலமும் பலவீனமும் புரியும். நம் பகுதியில் நிலத்தை அளந்து எழுதுவது வெள்ளைக்காரர்கள் வந்து ஆரம்பித்தது இல்லை. குழி, மா, வேலி என்று கோல் பிடித்து அளந்த வழக்கம் பழையது. ஆனால் ஊருக்கு ஊர் கோலின் நீளம் மாறும். கம்பெனி காலத்தில் செங்கல்பட்டு ஜாகீரை தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை சர்வே செய்தார். மதராஸில் சர்வே பள்ளிக்கூடம் 1794இல் தொடங்கியது. பிறகு வந்த பைமாஷ் என்ற பழைய அளவைக் கணக்குகளில் நிலத்துக்கு எண் உண்டு, நான்கெல்லை உண்டு, பரப்பு உண்டு. ஆனால் இன்ன கல்லிலிருந்து இன்ன கல்லுக்கு இத்தனை தூரம் என்று தரையில் திரும்பவும் நிறுத்திக்காட்டும்படியான படம் இல்லை. பழைய பத்திரத்தில் பைமாஷ் நம்பர் மட்டும் இருக்கும் நிலத்தைத் தேடுவது அதனால்தான் அவ்வளவு கஷ்டம். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் காட்டும் ஒப்பீட்டுப் பதிவேடு கிடைத்தால்தான் வழி பிறக்கும்.

1858இல் மதராஸ் மாகாணத்தில் வருவாய் சர்வே முறையாகத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. முதலில் கிராமத்தின் எல்லையைக் கோணம் அளக்கும் தியோடலைட் கருவி வைத்துச் சுற்றி அளப்பார்கள். மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்தில் பெரிய கல் நடுவார்கள். பெரிய கிராமமாக இருந்தால் உள்ளே கண்டம் கண்டமாகப் பிரித்து, அதற்கும் தியோடலைட் கல். இந்தச் சட்டகம் நின்ற பிறகு ஒவ்வொரு புலத்துக்குள்ளும் சங்கிலி இறங்கும். எல்லைக்கு முன் உழவர்கள் வந்து வரப்பைக் காட்டுவார்கள். கணக்குப்பிள்ளை கூடவே நிற்பார். தலையாரி கல் சுமக்க ஆள் பிடித்து வருவார். பக்கத்துக்காரர்கள் இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில் கல் விழும். இதனால் புலப்படம் என்பது அன்று அந்த வயலில் அனுபவம், அதாவது யார் எதுவரை நிலத்தை வைத்துப் பயிரிட்டார்கள் என்பது, எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி. நோக்கம் தீர்வை வசூல் என்பதில் சந்தேகமே இல்லை. நஞ்சையா புஞ்சையா, மண் வயனம் (மண் வகை) என்ன, எந்தத் தரம், ஏக்கருக்கு எவ்வளவு தீர்வை என்று 'அ' பதிவேட்டில் எழுதத்தான் இவ்வளவு பாடும். ஆனாலும் வரி வாங்க அளந்த அந்த அளவுதான் இன்று ஏழை விவசாயி தன் வரப்பைக் காப்பாற்றிக்கொள்ளக் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.

உங்கள் படத்தில் 1928 என்று இருப்பதால், அது 1923ஆம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் வந்த பிறகு எழுதியது. அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவு முக்கியமானது. சர்வே முடிந்துவிட்டது என்று அரசிதழில் அறிவித்த பிறகு, அதில் பதிந்த எல்லை சரியாகத் தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு அந்தப் பதிவே முடிவான சான்று. ஏற்காதவர்கள் 14ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்குள் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. அது எல்லைக்கான சான்று, உரிமைக்கான சான்று இல்லை. நிலம் யாருடையது என்பதைப் பத்திரமும் வாரிசும் அனுபவமும் சொல்ல வேண்டும். புலப்படம் "நிலம் இங்கே, இவ்வளவு" என்று மட்டும் சொல்லும். பட்டாவைக்கூட நீதிமன்றங்கள் வருவாய்க் கணக்குக்கான ஆவணமாகத்தான் பார்க்கின்றன. பட்டா மட்டும் இருந்தால் உரிமை வந்துவிடாது.

எல்லா ஊருக்கும் இவ்வளவு பழைய படம் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் ஊர் ரயத்துவாரி கிராமமாக, அதாவது உழவரே நேராக அரசுக்குத் தீர்வை கட்டும் ஊராக இருந்ததால் கிடைத்தது. ஜமீன் ஊர்களில் பலவற்றுக்கு 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான், அதாவது ஐம்பதுகளிலும் அதற்கப்புறமும்தான், இப்படி விவரமாக அளந்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து உறவினர் யாராவது இதைப் படித்துவிட்டுத் தங்கள் ஊருக்கும் 1920களின் படம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சலாம்.

சரி, மூன்றே முக்கால் சென்ட். இரண்டு வழியில் அது குறைந்திருக்கலாம்.

ஒன்று, பத்திர எண். உங்கள் பட்டாவின் 0.40.5 என்பது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஏக்கர் 40.47 ஏர். முழுசாக்கினால் 0.40.5. எப்போதோ எழுதிய கிரயப் பத்திரத்தில் "ஏக்கர் 1.00" என்று உத்தேசமாக எழுதியிருப்பார்கள், பட்டா மாற்றும்போது தரையை அளக்காமல் அந்த எண்ணையே மெட்ரிக்காக மாற்றிப் போட்டிருப்பார்கள். 1979இல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது தமிழ்நாடு முழுக்கக் கணக்குகளைப் புதுப்பித்தார்கள். யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏக்கர்-சென்ட் ஹெக்டேர்-ஏர் ஆனதும், கூட்டுப் பட்டாக்கள் பிரிந்ததும், கோடிக்கணக்கான பதிவுகள் கையால் புதிதாக எழுதப்பட்டதும் இந்தச் சமயத்தில்தான். நடுவிலே 1980இல் பரம்பரைக் கர்ணம் (கணக்குப்பிள்ளை) முறையும் ஒழிந்தது. அந்த முறை ஒழிந்தது நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் வரப்பு வரப்பாக ஊரை மனதில் வைத்திருந்தவர்கள் விலகிய அதே சமயத்தில் பதிவேடு முழுவதும் மாறியதால், பிழைகளைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் போனது. இன்று 'யு.டி.ஆர். தவறு' என்று மனு போடுகிறவர்களில் பாதிப் பேரின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். அதற்கான தடயம் நீங்கள் அனுப்பிய விவரத்திலேயே இருக்கிறது. ஏ-யிலிருந்து டி வரை இரட்டைக் கோடு என்கிறீர்கள். அது வாய்க்காலாக இருக்கலாம். பட்டாவில் '/1' என்ற உட்பிரிவு இருக்கிறது என்கிறீர்கள். '/1' இருந்தால் '/2' எங்கோ இருந்தாக வேண்டும். ஏ-டி பக்கத்தின் நீளம் 430 லிங்க்ஸ், 86.5 மீட்டர். குறையும் 150 சதுர மீட்டரை அந்த நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 1.73 மீட்டர் வருகிறது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வயல் வாய்க்காலும் அதன் கரையும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த அகலம்தான் இருக்கும்.

1928இல் அந்த வாய்க்கால் புலத்துக்குள்ளேயே, பட்டாதாரரின் பரப்போடு சேர்ந்து இருந்திருக்கும். பின்னாளில் அதைத் தனியாக உட்பிரிவு செய்து '/2' என்று எண் கொடுத்து, 'வாய்க்கால்' என்று எழுதியிருப்பார்கள். அப்படியானால் உங்களிடமிருந்து யாரும் நிலத்தைத் திருடவில்லை. தண்ணீர் போகும் வழி தனிப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் எது உண்மை என்று வீட்டில் உட்கார்ந்தே பாதி தெரிந்துகொள்ளலாம். அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டுப் பகுதியில் உங்கள் புல எண்ணோடு உட்பிரிவு 2 என்று போட்டுத் தேடுங்கள். பரப்பு 0.01.5 என்றும், புறம்போக்கு, வாய்க்கால் என்றும் வந்தால் விஷயம் முடிந்தது. அப்படி ஒன்று வராமல், வேறொருவர் பெயரில் பட்டா நிலமாக வந்தால் நிலைமை வேறு. அப்போது அந்த உட்பிரிவு எந்த உத்தரவின்படி நடந்தது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். '/2' என்று ஒன்றே இல்லாமல் அடுத்த புல எண்ணுக்குப் போய்விட்டால் முதல் காரணம் வலுக்கிறது. அப்போது யு.டி.ஆருக்கு முந்தைய, தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். அதில் 1.03 அல்லது 1.04 ஏக்கர் என்று இருந்து யு.டி.ஆரில் குறைந்திருந்தால், திருத்தம் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு செய்யலாம்.

இணையத்தில் வரும் கம்ப்யூட்டர் புலப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது செயற்கைக்கோள் படமோ புதிய அளவையோ இல்லை. பழைய காகிதப் புலப்படத்தில் இருந்த எண்களை கோலாப்லேண்ட் என்ற மென்பொருளில் தட்டச்சு செய்து, அது வரைந்து கொடுத்த படம். கோடு நேர்த்தியாக இருப்பதால் அளவும் நேர்த்தி என்று தோன்றும். 138-ஐ 188 என்று படித்திருந்தால் அது 188-க்குத்தான் வரையும். அதனால் உங்கள் துணிப்படத்தின் எண்களை மீட்டருக்கு மாற்றி, இணையப் படத்தின் ஒவ்வொரு பக்கத்தோடும் ஒப்பிடுங்கள். லிங்க்ஸை 0.2012-ஆல் பெருக்கினால் மீட்டர். 281 லிங்க்ஸ் 56.5, 392 லிங்க்ஸ் 78.9, 307 லிங்க்ஸ் 61.8, 430 லிங்க்ஸ் 86.5 வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். ஏ-டி பக்கத்தை ஒட்டி ஒரு குறுகிய பட்டை தனியாகத் தெரிந்தால், வாய்க்காலைப் பற்றி நான் சொன்னது உறுதியாகிறது.

அடுத்து பக்கத்துப் புலங்களின் படங்களையும் எடுங்கள். இதை யாருமே செய்வதில்லை. செய்தால் பல வழக்குகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். உங்கள் படத்தின் நான்கு பக்கத்திலும் வெளியே சிறியதாக எண்கள் எழுதியிருக்கும். அவை பக்கத்துப் புல எண்கள். உங்களுடைய பி-சி பக்கம்தான் பக்கத்துக்காரருக்கு வேறு இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் பக்கம். இரண்டு படத்திலும் அதே 392 இருக்க வேண்டும். இருந்தால் அந்த வரப்பைப் பற்றி இருவரும் ஒரே பேச்சு. ஒரு பக்கம் 392, மறுபக்கம் 380 என்று இருந்தால் ஏதோ ஒரு உட்பிரிவின்போது யாரோ ஒருவர் படத்தில் மட்டும் திருத்தியிருக்கிறார்கள். பழைய நகல்களில் பின்னாள் திருத்தம் பெரும்பாலும் சிவப்பு மையில் இருக்கும். பக்கத்தில் சுருக்கொப்பமும் இருக்கும். உங்கள் படத்தில் சிவப்பு மை எதுவும் தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

தரையில் இறங்கும்போது கல்லைத் தேடுங்கள், ஆனால் கிடைத்த கல்லை உடனே நம்பிவிடாதீர்கள். உழவில் டிராக்டர் இடித்து நகர்ந்திருக்கலாம், யாராவது வசதிக்காக இரண்டு அடி தள்ளி நட்டிருக்கலாம். ஒற்றைக் கல் எதையும் நிரூபிக்காது. இரண்டு கல் கிடைத்தால் நடுவே டேப் பிடியுங்கள். ஏ-யும் சி-யும் இருக்கிறதென்றால் 123.1 மீட்டர் வர வேண்டும். வந்தால் இரண்டும் பழைய இடத்தில் இருக்கின்றன என்று ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கல்லும் அதன் தூரங்களோடு பொருந்தினால் சந்தேகமே வேண்டாம். 119 மீட்டர்தான் வருகிறது என்றால் இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது. எது என்று தெரிய பக்கத்துப் புலத்துக் கற்களிலிருந்து அளந்து வர வேண்டும். கல்லே இல்லாத வயல்களுக்கு ஏரிக்கரை மதகு, பழைய கிணறு, கிராம எல்லைக் கல் என்று அசையாத ஒன்றிலிருந்து தொடங்குவோம். சில சமயம் நாலு புலம் தாண்டிப் போக வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும். அந்தி நேரத்தில் அவசரமாக அளந்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள்.

ஒரு கல் புதைந்திருக்கிறது என்று நினைத்தால் நீங்களாகத் தோண்டி எடுத்து நிமிர்த்தி வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அந்தக் கல்லின் சாட்சியம் அத்தோடு போய்விடும். சர்வே கல்லை அகற்றுவது சட்டப்படி தண்டனைக்குரியதும்கூட. இருக்கும் நிலையில் படம் பிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு, நில அளவைக்கு மனு கொடுங்கள். எஃப்-லைன் என்று கேட்டால் புரியும். கட்டணம் கட்டியதும், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு அளக்க வருவார்கள். அந்த அறிவிப்பு போவதற்கு முன்பே நீங்கள் பக்கத்து வயல்காரரின் வீட்டுக்குப் போய், "அண்ணே, தாத்தா காலத்துப் படம் ஒண்ணு கிடைச்சிருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதிகாரி அனுப்பிய தாள் முதலில் போய்ச் சேர்ந்தால் அது சண்டைக்கான அழைப்பாகத்தான் தெரியும்.

அந்தத் துணிப்படத்தைப் பத்திரப்படுத்துவது பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது கஞ்சி போட்டு மெருகேற்றிய துணி. ஈரம் பட்டால் கஞ்சி கரைந்து மை கலங்கிவிடும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கஞ்சிக்காகவே பூச்சி வரும். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்; சூடும் பசையும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதைக் கெடுத்துவிடும், பிரித்தெடுக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம். மடிப்பை மெதுவாக விரித்து, இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேராக மேலிருந்து படம் எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது இருக்கட்டும். அளக்கும் நாளில் அசலை வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம், நகல் போதும்.

இந்த நகலை அப்படியே அலுவலகத்தில் காட்டினால் "இது செல்லாது" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. சொன்னால் கோபப்படாதீர்கள், வீட்டில் இருக்கும் நகலுக்குச் சான்றொப்பம் இருக்காது. அதே புல எண்ணின் பழைய புலப்படத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு வட்ட அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் மனு போடுங்கள். அங்கே பழுதாகிவிட்டது என்றால் மாவட்ட அலுவலகம், அதற்கும் மேலே சென்னை சேப்பாக்கத்தில் மத்திய நில அளவை அலுவலகம் இருக்கிறது. பழைய கிராம வரைபடத்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். உங்கள் கையில் இருக்கும் படத்தால் என்ன பயன் என்றால், எதைக் கேட்க வேண்டும், வந்த நகல் சரியா என்று உங்களுக்கே தெரியும்.

கிராம வரைபடம் வந்ததும் முதலில் அந்த இரட்டைக் கோட்டைப் பின்தொடருங்கள். உங்கள் வயலின் ஏ-டி பக்கத்தோடு அது நின்றுவிடாது. மேலே போனால் ஏதோ ஒரு மதகில் போய் முட்டும். கீழே போனால் உங்களுக்குப் பின்னால் இருக்கும் வயல்களுக்குப் போகும். செய்யாறு வட்டாரம் ஏரிப் பாசனப் பூமி. அங்கே ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடைக்காரருக்கு முதலில் தண்ணீர் நிற்கும், அப்புறம் பயிர் நிற்கும், கடைசியில் நிலம் மனையாகும். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆளுக்கு முக்கால் மீட்டர் வரப்பை நகர்த்திக்கொண்டதால் காணாமல் போன வாய்க்கால்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் '/2' வாய்க்கால் என்று இருந்து, தரையில் அங்கே நெல் நடப்பட்டிருந்தால், அந்த 150 சதுர மீட்டர் உங்கள் வயலுக்குள்ளேயே இருக்கலாம். அப்படி இருந்தால் அளக்க வருகிறவரிடம் மறைக்காதீர்கள். வாய்க்காலின் இரு கரையையும் சேர்த்தே கல் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். மனுவில் '/1'-ஐ மட்டும் எழுதாமல் '/2'-வின் எல்லையையும் காட்ட வேண்டும் என்று எழுதினால்தான் அதைச் செய்வார்கள்.